பெறுபேறும் பாடசாலையும்: மலையகத் தோட்டப் பாடசாலைகளின் தரமதிப்பீடு பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

கல்விப் பொதுத் தராதரப் பத்திரச் சாதாரண தரப் பரீட்சையின் பெறுபேறுகள் வெளிவந்ததும், ஆண்டுதோறும் நுவரெலியா மாவட்டத்தின் பாடசாலைகள் ஒரு வரிசையில் நிறுத்தப்படுகின்றன. உயர்தர வகுப்பிற்குத் தகுதி பெற்றோர் நூற்றுக்கு எத்தனை பேர் என்ற ஓர் எண்ணைக் கொண்டு அட்டன், நுவரெலியா, கொத்மலை, வலப்பனை, ஹங்குராங்கெத்த ஆகிய கல்வி வலயங்கள் ஒப்பிடப்படுகின்றன. சில அதிபர்கள் மாலை சூட்டப்பெறுகின்றனர்; வேறு சிலர் விளக்கம் கூறுமாறு அழைக்கப்படுகின்றனர். இவ்வெண்ணை நம்பியே பெற்றோரும் தம் பிள்ளைகளை எங்குச் சேர்ப்பது என்பதைத் தீர்மானிக்கின்றனர். பரீட்சைப் பெறுபேற்றைக் கொண்டு பாடசாலையை எடைபோடும் இவ்வழக்கம் புதிய நிர்வாக உத்தி போலத் தோன்றினும், இலங்கையில் அதற்கு ஒன்றரை நூற்றாண்டு வரலாறு உண்டு. அவ்வரலாற்றின் பெரும்பகுதியில் தோட்டப் பாடசாலைகள் அளவையின் விளிம்பிலோ அதற்கு வெளியிலோதான் இருந்தன. நெடுங்காலம் அளக்கப்படாதிருந்த பாடசாலைகள் திடீரெனப் பிறரோடு ஒரே கோலால் அளக்கப்படும்போது அந்த எண் எதனை உணர்த்துகின்றது என்பதே இக்கட்டுரையின் வினா.

1. பெறுபேற்றுக்கேற்ற கொடுப்பனவு

இங்கிலாந்தில் 1862 ஆம் ஆண்டு, ரொபேட் லோ என்பாரின் முயற்சியால், அரசின் கல்வி மானியம் மாணவரின் தேர்ச்சியோடு பிணைக்கப்பட்டது. கண்காணிப்பாளர் ஆண்டுக்கொருமுறை பள்ளிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் வாசிப்பு, எழுத்து, எண்கணிதம் ஆகிய மூன்றிலும் சோதிப்பார். சித்தியெய்திய ஒவ்வொரு பாடத்திற்கும் இவ்வளவு பணம் என்பதே அத்திட்டத்தின் சாரம். அரசின் செலவைக் கட்டுப்படுத்துவதும், கொடுத்த காசுக்குக் கணக்குக் கேட்பதும் அதன் நோக்கங்களாக இருந்தன. அக்காலத்திலேயே, தாமே பள்ளிக் கண்காணிப்பாளராகப் பணியாற்றிய கவிஞர் மத்தியூ ஆர்னல்ட் போன்றோர், இம்முறை ஆசிரியரைச் சோதனை நாளுக்கு மாத்திரம் பிள்ளைகளைப் பழக்கும் இயந்திரமாக்குகின்றது எனக் கண்டித்தனர். இங்கிலாந்தில் 1890களில் அது கைவிடப்பட்டது.

அதற்கிடையில் இம்முறை குடியேற்ற நாடுகளுக்கும் கப்பலேறிவிட்டது. ரிச்சட் மோர்கன் தலைமையில் இயங்கிய சட்டசபை உபகுழுவின் அறிக்கையைத் தொடர்ந்து, 1869 இல் இலங்கையில் பொதுப் போதனைத் திணைக்களம் தோற்றுவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டு முதல் உதவி பெறும் பாடசாலைகளுக்கான மானியம் பரீட்சைப் பெறுபேற்றின் அடிப்படையில் வழங்கப்படலாயிற்று. ஆங்கிலப் பாடசாலையில் பெற்ற சித்திக்குக் கூடிய விலையும் சுதேச மொழிப் பாடசாலையில் பெற்ற சித்திக்குக் குறைந்த விலையும் குறிக்கப்பட்டன. ஏற்கெனவே கட்டடமும் ஆசிரியரும் கொண்டிருந்த நகர்ப்புற மிஷன் பாடசாலைகள் மானியம் ஈட்டின. ஈட்டிய மானியத்தால் மேலும் நல்ல ஆசிரியரை அமர்த்தின. வளமுள்ள இடத்திற்கு வளம் சென்று சேரும் இவ்வியல்பு பெறுபேற்று முறையின் உள்ளார்ந்த கூறு என்பது நோக்கற்பாலது.

2. துரையின் பொறுப்பில் பள்ளி

திணைக்களம் தோன்றிய அதே 1869 இல்தான் கோப்பிச் செடிகளில் இலைநோய் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டாண்டுகள் முன்னர் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலைப் பயிரைத் தொடங்கியிருந்தார். கோப்பிக் காலத்துத் தொழிலாளி பழம் பறிக்கும் பருவத்திற்கு வந்து ஊர் திரும்பியவர். கொழுந்து பறித்தலோ ஆண்டு முழுதும் நிகழ்வது. அதிலும் பெண்களின் கைகளை வேண்டிநிற்பது. எனவே தேயிலை, குடும்பங்களை லயக் காம்பராக்களில் நிலைகொள்ளச் செய்தது. மலைநாட்டில் பள்ளி செல்லும் வயதுப் பிள்ளைகள் பெருந்தொகையாக உருவானமை இப்பொருளாதார மாற்றத்தின் விளைவாகும்.

இப்பிள்ளைகளுக்கு யார் கற்பித்தனர்? 1850களில் தோன்றிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் பள்ளிகளை நடத்தியது. வேறிடங்களில் கோயில் மண்டபத்திலோ லயத்து வாசலிலோ, எழுத்தறிந்த கணக்கப்பிள்ளையோ கங்காணியின் உறவினரோ மாலை நேரத்தில் அரிச்சுவடி சொல்லிக் கொடுத்தனர். இத்தகைய பள்ளிகளுக்கு வருடாந்தச் சோதனை பொருந்தவில்லை. கங்காணியின் கடன் துண்டோடு ஒரு கூட்டம் தோட்டம் மாறும்போது பிள்ளைகளும் மாறினர். சோதனை நாளன்று இருக்கும் பிள்ளைகள் ஆண்டுத் தொடக்கத்தில் இருந்தவர்களாக இருப்பதில்லை. துண்டுமுறை 1921 வரை நீடித்தது என்பதை நினைவிற் கொள்ளின், ஒரு தோட்டப் பள்ளியின் தேர்ச்சிக் கணக்கு அப்பள்ளியின் கற்பித்தலைவிட ஆட்களின் நடமாட்டத்தையே காட்டியிருக்கும் என்பது தெளிவு.

1907 ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்ட அத்தியட்சகர் மீது சுமத்தியது. 1920 ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை வலுப்படுத்தியது. சட்டம் வந்தமை முன்னேற்றமே. ஆயினும் பள்ளியை நடத்தும் பொறுப்பு, பிள்ளை பள்ளிக்குச் செல்லாமையால் நயம் பெறக்கூடியவரிடமே ஒப்படைக்கப்பட்டது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பேர் போடுவதா, அப்பிள்ளையைப் பலகையுடன் பள்ளிக்கு அனுப்புவதா என்ற முரண்பாட்டில் துரையின் நலன் எப்பக்கம் நின்றது என்பதை விளக்கவேண்டியதில்லை. இச்சூழ்நிலையில் ஓராசிரியர், ஓரறை, ஐந்தாம் வகுப்புவரையான படிப்பு என்பதே தோட்டப் பாடசாலையின் பொது வடிவமாயிற்று. பிரட்டுக் கணக்கும் கொழுந்து நிறையும் நாள்தோறும் ஏடுகளில் பதியப்பட்ட ஒரு சமூகத்தில், பிள்ளை என்ன கற்றது என்பது மாத்திரம் கணக்கில் ஏறவில்லை.

3. தேசியக் கல்விக்கு வெளியே

1945 இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வித் திட்டம் நடைமுறைக்கு வந்தது. இலங்கையின் கிராமப்புற மக்களுக்கு அது திறந்துவிட்ட கதவு பெரிது. தோட்டப் பாடசாலைகளோ தோட்ட நிருவாகங்களின் கையிலேயே விடப்பட்டன. 1947 ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் அவற்றை அரசு பொறுப்பேற்க வழிவகுத்ததாயினும், நடைமுறை மிக மந்தமாகவே இருந்தது. 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. அதனைத் தொடர்ந்து அவர்கள் வாக்குரிமையையும் இழந்தனர். வாக்கில்லாத மக்களின் பள்ளிக்காகக் குரலெழுப்ப எந்தப் பாராளுமன்ற உறுப்பினருக்கும் தேவை இருக்கவில்லை. 1960, 1961 ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகள் அரசுடைமையானபோதும் தோட்டப் பாடசாலைகள் விடுபட்டன. 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்களால் தோட்டங்கள் அரசுடைமையான பின்னர்தான், எழுபதுகளின் பிற்பகுதி முதல் இப்பாடசாலைகள் பெருமளவில் கல்வி அமைச்சின் கீழ் வந்தன.

ஆகவே, இலவசக் கல்வியின் முதல் முப்பது ஆண்டுகளில் ஏனைய சமூகங்கள் ஒரு தலைமுறைப் பட்டதாரிகளையும் ஆசிரியர்களையும் உருவாக்கிக்கொண்டிருந்தபோது, மலையகத்துப் பிள்ளை ஐந்தாம் வகுப்போடு கொழுந்துக் கூடைக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. இதற்கு மாறாக நகர்ப்புறக் கல்லூரிகளை எட்டிப்பிடித்தோர் இருந்தனர். பிற்கால மலையக எழுத்தாளர், ஆசிரியர், தொழிற்சங்கவாதிகள் பலர் அவர்களுள் அடங்குவர். எனினும் அவர்கள் விதிவிலக்குகளே.

4. அளவுகோலுக்குள் நுழைதல்

அரசின் பொறுப்பேற்பிற்குப் பின் மாற்றங்கள் நிகழ்ந்தன. 1980களில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவனத்தின் உதவியுடன் தோட்டப் பாடசாலைகளில் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் மேம்பட்டன. தோட்டத்து இளைஞரும் யுவதிகளும் ஆசிரியர்களாக நியமனம் பெற்றனர். பத்தனையில் ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எழுந்தது. குடியுரிமைப் பிரச்சினையும் 1988, 2003 ஆம் ஆண்டுச் சட்டங்களால் பெரிதும் தீர்க்கப்பட்டது. இக்காலப் பகுதியில்தான் தோட்டத்துப் பிள்ளைகள் தேசியப் பரீட்சைகளுக்குத் தொகையாகத் தோற்றத் தொடங்கினர். பாடசாலைகளும் தேசிய அளவுகோலுக்குள் நுழைந்தன.

அவ்வளவுகோல் முன்பே வேறிடங்களுக்காக வகுக்கப்பட்டிருந்தது. விஞ்ஞானப் பிரிவுடன் கூடிய உயர்தரம் உள்ளவை 1ஏபி, கலை, வர்த்தகப் பிரிவுகள் மாத்திரம் உள்ளவை 1சி, பதினோராம் தரம்வரை உள்ளவை வகை 2, ஆரம்ப வகுப்புகள் உள்ளவை வகை 3 எனப் பாடசாலைகள் பிரிக்கப்படுகின்றன. தோட்டப் பாடசாலைகளில் மிகப்பல இறுதி இரு வகைகளைச் சேர்ந்தவை. பல்கலைக்கழக அனுமதியில் 1974 முதல் மாவட்ட ஒதுக்கீடு புகுத்தப்பட்டபோது நுவரெலியாவும் பதுளையும் பின்தங்கிய மாவட்டங்களாகக் கொள்ளப்பட்டன. ஆனால் மாவட்டம் என்ற அலகு, தோட்டத்தையும் கிராமத்தையும் நகரத்தையும் ஒன்றாகக் கூட்டிச் சராசரி காண்பது. அச்சராசரியின் உள்ளே தோட்டம் மறைந்துபோனது. எந்த அலகில் அளக்கிறோம் என்பதே யாருக்கு உதவி கிட்டும் என்பதைத் தீர்மானிக்கின்றது என்பதற்கு இது தக்க சான்று.

5. எண் எதனை அளக்கின்றது?

இனி, இன்று வழங்கும் சித்தி வீதத்தை ஆராய்வோம். உயர்தரம் கற்கப் பொதுவாக முதல்மொழியும் கணிதமும் உள்ளிட ஆறு பாடங்களில் சித்தியும், அவற்றுள் மூன்றில் திறமைச் சித்தியும் வேண்டும். பரீட்சைக்குத் தோற்றியோரில் இத்தகுதி பெற்றோரின் வீதமே பாடசாலையின் பெறுமதியாகக் கொள்ளப்படுகின்றது. இக்கணக்கில் மூன்று மறைவுகள் உள்ளன.

முதலாவது, தோற்றாதோர் மறைவு. ஓர் எடுத்துக்காட்டைக் கற்பித்துக்கொள்வோம். இரு பாடசாலைகளிலும் ஆறாம் தரத்தில் 60 பிள்ளைகள் சேர்ந்தனர் எனக் கொள்க. முதற் பாடசாலையில் 40 பேர் இடைவிலக, 20 பேர் தோற்றி 12 பேர் தகுதி பெறுகின்றனர், வீதம் 60. இரண்டாம் பாடசாலையில் ஆசிரியர் லயம் லயமாகச் சென்று பிள்ளைகளை மீட்டுவர, 45 பேர் தோற்றி 18 பேர் தகுதி பெறுகின்றனர், வீதம் 40. பட்டியலில் முதற் பாடசாலை மேலே நிற்கும். ஆயினும் சேர்ந்த அறுபது பேரைக் கொண்டு கணக்கிட்டால் முதலாவது 20 வீதமும் இரண்டாவது 30 வீதமும் பெறும். பிள்ளையைத் தக்கவைத்த பாடசாலை தண்டனை பெறுவதும், இழந்த பாடசாலை பாராட்டுப் பெறுவதும் இவ்வளவையின் விளைவு. நலிந்த மாணவரைப் பரீட்சைக்குத் தோற்றாமல் தடுக்கும் தூண்டுதலும் இதிலிருந்தே பிறக்கின்றது. இடைவிலகல் மிகுந்த தோட்டப்புறத்தில் இது சிறிய பிழையன்று.

இரண்டாவது, வெளியேறியோர் மறைவு. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் உயர் புள்ளி பெறும் பிள்ளைகள் நகரத்துப் பெரிய பாடசாலைகளுக்குச் செல்கின்றனர். அவர்களை உருவாக்கிய தோட்டப் பாடசாலை, ஆறாண்டுகளின் பின் சாதாரண தரப் பெறுபேற்றில் அவர்கள் இல்லாமையால் தாழ்கின்றது. நகரத்துப் பாடசாலை அவர்களால் உயர்கின்றது. தெரிந்தெடுத்துச் சேர்க்கும் பாடசாலையையும் வந்தோரையெல்லாம் சேர்க்கும் பாடசாலையையும் ஒரே வரிசையில் நிறுத்துவது நியாயமான ஒப்பீடாகாது.

மூன்றாவது, சிறிய எண்ணிக்கையின் மயக்கம். பத்துப் பேர் தோற்றும் பாடசாலையில் ஒரு பிள்ளையின் காய்ச்சல் வீதத்தைப் பத்துப் புள்ளி கீழிறக்கிவிடும். இருநூறு பேர் தோற்றுமிடத்தில் அது அரைப் புள்ளி மாத்திரமே. சிறிய பாடசாலையின் ஓராண்டு ஏற்றத்தையோ இறக்கத்தையோ கொண்டு அதிபரின் திறமையை முடிவுசெய்வது தவறு.

இவற்றுக்கும் அப்பால் வீட்டின் பங்கு உள்ளது. ஐக்கிய அமெரிக்காவில் 1966 இல் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் அடைவின் வேறுபாட்டிற்குப் பாடசாலை வசதிகளைவிடக் குடும்பப் பின்னணியே பெரிதும் காரணம் என எடுத்துக்காட்டியது. மின்விளக்குக்கும் படிக்கும் மேசைக்கும் இடமற்ற லயக் காம்பரா, அதிகாலையில் மலையேறும் தாய், கணித ஆசிரியரின்றிக் கழியும் தவணைகள் ஆகியன பரீட்சை விடைத்தாளில் எழுதப்படாமலே திருத்தப்படுகின்றன. 2015 ஆம் ஆண்டளவில் தோட்டப் பாடசாலைகளின் ஆசிரியர் பற்றாக்குறையைத் தீர்க்க இளைஞர்கள் முழுச் சம்பளமின்றி, மாதாந்தக் கொடுப்பனவுடன் ஆசிரிய உதவியாளராகச் சேர்க்கப்பட்டனர். பாடசாலைக்குக் குறைந்த செலவில் குறைந்த பயிற்சியுடைய ஆசிரியரை அளித்துவிட்டு, மிகுந்த செலவில் இயங்கும் தேசிய பாடசாலையின் பெறுபேற்றை அதனிடம் எதிர்பார்க்கும் நிலை, 1870 ஆம் ஆண்டின் மானியக் கொள்கையிலிருந்து வெகுதூரம் விலகியதன்று.

6. முடிவுரை

மேற்கூறியவற்றிலிருந்து பரீட்சையும் கணக்கும் வேண்டாம் என்ற முடிவுக்கு வருதல் பிழையாகும். தோட்டப் பாடசாலைகள் நலிந்தமைக்கு ஒரு முக்கிய காரணம், அவற்றை எவரும் கணக்கெடுக்காமையே. தோட்டத்துறையின் எழுத்தறிவு நாட்டின் ஏனைய பகுதிகளைவிடக் கணிசமாகத் தாழ்ந்திருப்பதைக் குடிசன மதிப்பீடுகள் வெளிப்படுத்தியபோதுதான், மலையக ஆசிரியர்களும் சங்கங்களும் எழுப்பிய கோரிக்கைகளுக்கு மறுக்கவியலாத ஆதாரம் கிடைத்தது. கணக்கை எடுப்பவர் அதனைக் கொண்டு யாரிடம் கேள்வி கேட்கிறார் என்பதே அடிப்படைப் பிரச்சினை.

சேர்ந்த பிள்ளைகள் அனைவரையும் அடிப்படையாகக் கொண்டு வீதம் கணிக்கப்படவேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் சேரும்போது இருந்த நிலையிலிருந்து எவ்வளவு முன்னேறியது என்பது நோக்கப்படவேண்டும். பல ஆண்டுகளின் பெறுபேறுகள் சேர்த்துப் பார்க்கப்படவேண்டும். தோட்டப் பாடசாலைகள் மாவட்டச் சராசரிக்குள் மறைக்கப்படாமல் தனித்துக் காட்டப்படவேண்டும். ஒவ்வொரு பெறுபேற்றுப் பட்டியலோடும், அப்பாடசாலைக்கு அவ்வாண்டு எத்தனை கணித, விஞ்ஞான, ஆங்கில ஆசிரியர் வழங்கப்பட்டனர் என்ற பட்டியலும் வெளியிடப்படவேண்டும். அவ்வாறு செய்யின், தாழ்ந்த வீதம் உள்ள இடம் அரசு கூடிய வளத்தைச் செலுத்தவேண்டிய இடமாக இனங்காணப்படும். தேயிலையின் ஒவ்வோர் இறாத்தலுக்கும் கணக்கு வைத்த நாடு, அதனைப் பறித்தோரின் பிள்ளைகளுக்குக் கொடுக்கத் தவறிய கல்விக்கும் கணக்கு வைத்தல் வேண்டும்.