நிலக்கரி மின்னுற்பத்தி நிறுத்தம், ஒன்டாரியோ

கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் அனல்மின் நிலையங்களில் நிலக்கரி எரிப்பதைப் படிப்படியாகக் கைவிட்ட கொள்கை நடவடிக்கை. 2003இல் மாகாண மின்சாரத்தில் ஏறத்தாழக் கால்பங்கு நிலக்கரியிலிருந்து கிடைத்தது. லேக்வியூ நிலையம் 2005இலும், ஈரி ஏரிக்கரையிலுள்ள நான்டிகோக் 2013இலும், தண்டர் பே 2014 ஏப்ரலிலும் நிலக்கரியை நிறுத்தின. இதனால் கந்தக டைஆக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடுகள், பாதரசம் ஆகியவற்றோடு, நுரையீரலின் ஆழம்வரை சென்று ஆஸ்துமாவையும் மாரடைப்பையும் தூண்டும் நுண்துகள்களின் உமிழ்வும் குறைந்தது. மாகாண அரசுக்காக 2005இல் செய்யப்பட்ட ஆய்வு, நிலக்கரி மின்சாரத்தால் ஆண்டுதோறும் 660க்கும் மேற்பட்ட அகால மரணங்கள் நேர்வதாக மதிப்பிட்டிருந்தது. 2005இல் 53 ஆக இருந்த புகைமூட்ட எச்சரிக்கை நாள்கள் 2014இல் ஒன்றுகூட இல்லை. எல்லைக்கு அப்பால் அமெரிக்க உமிழ்வு குறைந்ததும் இதற்குக் காரணம். 2015ஆம் ஆண்டுச் சட்டம் நிலக்கரி மின்னுற்பத்தியை நிரந்தரமாகத் தடைசெய்தது.