அடித்தள உயிரணுப் புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவுதல்

பேசல் செல் கார்சினோமா எனப்படும் அடித்தள உயிரணுப் புற்றுநோய், தோல் புற்றுநோய்களுள் மிகுதியாகக் காணப்படும் வகையாகும். வெயில் படும் முகம், காது, கழுத்து ஆகிய பகுதிகளில் இது பெரும்பாலும் தோன்றி, மெதுவாக வளர்கிறது. தொடக்கத்திலேயே அகற்றினால் பெரும்பாலோர் முழுமையாகக் குணமடைகின்றனர்.

எவ்வளவு அரிது?

இப்புற்றுநோய் பிற உறுப்புகளுக்குப் பரவும் விகிதம் 0.0028 முதல் 0.55 விழுக்காடு வரை என மதிப்பிடப்பட்டுள்ளது. இதன் உயிரணுக்கள் தம்மைச் சூழ்ந்த இணைப்புத் திசுவைச் சார்ந்தே வளர்வது இதற்கு ஒரு காரணமாகக் கருதப்படுகிறது. எனினும், "இது பரவாது" என எண்ணிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுதல் கூடாது. பரவிய நோயாளிகளுள் பலருக்கு, கட்டி நெடுங்காலம் கவனிக்கப்படாமல் பெரிதாக வளர்ந்திருந்தது. அல்லது சிகிச்சைக்குப் பின்னும் மீண்டும் மீண்டும் தோன்றியிருந்தது.

எங்குப் பரவும்?

நிணநீர்க் கணுக்கள், நுரையீரல், எலும்பு, கல்லீரல் ஆகியவற்றுக்குப் பரவலாம். முதற்கட்டி தோன்றிப் பல ஆண்டுகள் கழிந்த பின்னரும் இது நிகழக்கூடும். கழுத்தில் கட்டி, நீங்காத இருமல், தொடர்ந்த எலும்பு வலி, காரணமின்றி எடை குறைதல் ஆகியவை இருப்பின், முன்பு பெற்ற தோல் சிகிச்சையையும் மருத்துவரிடம் தெரிவியுங்கள்.

சிகிச்சை

பரவல் திசு ஆய்வு மூலம் உறுதிசெய்யப்படுகிறது; அதன் அளவை அறிய சி.டி. ஸ்கேன் போன்ற படப் பரிசோதனைகள் உதவும். நிலைக்கேற்ப அறுவை சிகிச்சை, கதிர்வீச்சு அல்லது மருந்துகள் அளிக்கப்படும். கட்டியின் வளர்ச்சியைத் தூண்டும் ஹெட்ஜ்ஹாக் சமிக்ஞைப் பாதையைத் தடுக்கும் விஸ்மோடெகிப் என்னும் மருந்துக்கு 2012-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஒப்புதல் வழங்கப்பட்டது. இம்மருந்து கருவிலுள்ள குழந்தைக்குக் கடும் தீங்கு விளைவிக்கும். ஆகவே கர்ப்பிணிகள் இதனை உட்கொள்ளக் கூடாது. சிகிச்சை பெறும் ஆண், பெண் இருபாலாரும் மருத்துவர் கூறும் கருத்தடை முறைகளைக் கடைப்பிடித்தல் வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

• சில வாரங்களில் ஆறாத புண், அடிக்கடி இரத்தம் கசியும் பரு, பளபளப்பான முடிச்சு ஆகியவற்றை மருத்துவரிடம் காட்டுங்கள்.

• கருநிறத் தோலில் இக்கட்டி மச்சம் போலக் கறுப்பாகத் தோன்றக்கூடும். புதிதாகத் தோன்றும் அல்லது வளர்ந்துவரும் மச்சத்தைப் புறக்கணிக்காதீர்கள்.

• கட்டி அகற்றப்பட்ட பின், அது முழுமையாக நீக்கப்பட்டதா எனக் கேட்டறியுங்கள். தொடர் பரிசோதனைகளைத் தவறவிடாதீர்கள்.