ஃபிளாப்பி இல்லாமல் பயாஸ் புதுப்பித்த கதை

மதர்போர்டில் உள்ள ஒரு சிறிய சிப்பில்தான் பயாஸ் என்னும் நிரல் குடியிருக்கிறது. கணினிக்கு மின்சாரம் வந்ததும் முதலில் ஓடுவது அதுதான். 1981 ஆகஸ்டில் வந்த ஐபிஎம் பிசியில் அந்தச் சிப்பை மாற்றி எழுத வழியில்லை. அதன் தொடக்கப் பதிப்புகள் விரிவாக்க அட்டைகளில் இருக்கும் நிரலைத் தேடிப் பார்க்கவில்லை. ஆகவே ஹார்ட் டிஸ்க் அட்டையைச் செருகினாலும் அதிலிருந்து கணினியைத் தொடங்க முடியாது. 1982 அக்டோபர் தேதியிட்ட பயாஸ் இந்தக் குறையைத் தீர்த்தது. பழைய கணினி வைத்திருந்தவர் அதைப் பெற, பழைய சிப்பைக் கழற்றிவிட்டுப் புதியதைப் பொருத்த வேண்டியிருந்தது.

தோஷிபாவின் ஃபுஜியோ மசுவோகா 1984-இல் உலகுக்கு அறிவித்த ஃபிளாஷ் நினைவகம் இந்த நிலையை மாற்றியது. சிப்பை இருந்த இடத்திலேயே மின்சாரத்தால் அழித்து எழுதலாம் என்றானது. 1990களின் நடுவில் பென்டியம் மதர்போர்டுகளில் இது வழக்கமாகிவிட்டது. அன்றைய பயாஸ் கோப்பின் அளவு 128 அல்லது 256 கிலோபைட். டாஸ் இயங்குதளம், எழுதும் நிரல், பயாஸ் கோப்பு மூன்றும் 1.44 மெகாபைட் ஃபிளாப்பி ஒன்றில் தாராளமாக அடங்கின.

உண்மையில் சிப்புக்கு ஃபிளாப்பி தேவைப்படவில்லை. எழுதும் நிரலுக்கு டாஸ் தேவைப்பட்டது. பயாஸ் தயாரித்த அவார்டு, ஏஎம்ஐ நிறுவனங்களின் எழுதும் நிரல்கள் வன்பொருளை நேரடியாகத் தொட்டன. நினைவக மேலாளர் போன்ற எதுவும் குறுக்கே நிற்காத வெறும் டாஸை அவை எதிர்பார்த்தன. அதைத் தர எளிய வழி பூட் ஃபிளாப்பி. மீட்பு வேலையும் அதை நம்பியே இருந்தது. எழுதும்போது மின்சாரம் போய்விட்டால், அழியாமல் காக்கப்பட்ட பூட் பிளாக் என்ற சிறு பகுதி ஃபிளாப்பியைப் படித்து மீண்டும் எழுத உதவும். எனவே ஃபிளாப்பி டிரைவ் இல்லாத கணினியில் வழியும் போனது, காப்பும் போனது.

2003-இல் டெல் தன் டைமென்ஷன் மேசைக்கணினிகளில் ஃபிளாப்பி டிரைவை வழக்கமான உறுப்பாகத் தருவதை நிறுத்தத் தொடங்கியது. அதற்கு முன்பே ஒரு மாற்று தயாராக இருந்தது. ஃபீனிக்ஸும் ஐபிஎம்மும் 1995-இல் வெளியிட்ட எல் டொரிட்டோ விதிமுறைப்படி, சிடிக்குள் ஒரு ஃபிளாப்பியின் முழு நகலை வைக்கலாம். பயாஸ் அதையே ஏ டிரைவ் என்று காட்டும். அதில் எழுத முடியாது என்பதால், பழைய பயாஸைக் காப்பு நகலாகச் சேமிக்க வேறு இடம் தேட வேண்டும். லினக்ஸ் பயன்படுத்தியவர்களுக்கு மெம்டிஸ்க் கைகொடுத்தது. ஃபிளாப்பி நகலை நினைவகத்தில் ஏற்றி, அதை உண்மையான டிரைவாக டாஸை நம்பவைத்தது இந்தச் சிறு நிரல். டாஸின் இலவச மாற்றான ஃப்ரீடாஸைப் பென் டிரைவில் வைத்துத் தொடங்குவதும் பரவியது. 2006-இல் ஃப்ரீடாஸ் 1.0 வெளிவந்தது. பென் டிரைவை ஃபிளாப்பியாகப் பார்ப்பதா, ஹார்ட் டிஸ்காகப் பார்ப்பதா என்பதில் பயாஸ்கள் ஒத்துப்போகாததால், ஒரு கணினியில் தொடங்கிய பென் டிரைவ் அடுத்ததில் தொடங்காமல் போகும்.

விண்டோஸிலேயே எழுதும் நிரல்களையும் தயாரிப்பாளர்கள் தந்தார்கள். வசதியில் இதை மிஞ்ச எதுவும் இல்லை. நம்பகத்தன்மையில் இதுவே கடைசி. பாதி எழுதும்போது விண்டோஸ் உறைந்தால் கணினி எழாது.

டாஸை அடியோடு விலக்கிய தீர்வு பயாஸுக்குள்ளிருந்தே வந்தது. ஆசஸின் ஈஸி ஃபிளாஷ், கிகாபைட்டின் கியூ ஃபிளாஷ், எம்எஸ்ஐயின் எம் ஃபிளாஷ் ஆகியவை சிப்பிலேயே இருந்து, பென் டிரைவில் உள்ள கோப்பை நேராகப் படித்தன. பயாஸின் இடத்தைப் பிடித்த யூஇஎஃப்ஐ முறைக்கென 2005-இல் அமைந்த மன்றத்தின் விதிமுறை, ஃபேட் கோப்பு முறையைப் படிக்கும் திறனைச் சிப்பில் இருக்கும் ஃபர்ம்வேரின் பகுதியாக்கியதால் இந்த வேலை மேலும் எளிதானது.

ஆனாலும் இவை இயங்க, கணினி முதலில் எழுந்தாக வேண்டும். 2018-இல் பழைய ஏஎம்4 மதர்போர்டில் புதிய ரைசன் பிராசஸரைப் பொருத்தியவர்களுக்கு, பழைய பயாஸ் அதை அறியாததால் அதுவே நடக்கவில்லை. புதிய பயாஸை எழுதிக்கொள்ள, ஏஎம்டி நிறுவனம் தகுதியுள்ளவர்களுக்கு வேறொரு பிராசஸரை இரவலாக அனுப்பியது. ஆசஸின் யூஎஸ்பி பயாஸ் ஃபிளாஷ்பேக் போன்ற வசதியுள்ள போர்டுகளில் இந்தச் சிக்கல் எழவில்லை. மின்சாரத்தை இணைத்து, பென் டிரைவைச் செருகி, பொத்தானை அழுத்தினால் போதும்; பிராசஸரும் ரேமும் இல்லாமலே தனிக் கட்டுப்பாட்டுச் சிப் ஒன்று பயாஸை எழுதிவிடும்.