பாபிலோன் ஆற்றங்கரையில் ஒரு கடன் பத்திரம்

இயர் எண்டிங் ஆணியெல்லாம் பிடுங்கி முடித்து இப்போதுதான் மூச்சு விடுகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை தங்கமணி பரணைச் சுத்தம் செய்தபோது என் பழைய கேசட் டப்பா அகப்பட்டது. மேலாகவே இருந்தது போனி எம். அதில் 'ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்'. கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்குங்க.

பாளையங்கோட்டையில் சித்தப்பாவின் டூ-இன்-ஒன்னில் நாடா தேயத் தேய ஓடிய பாட்டு அது. அர்த்தம் யாருக்குத் தெரியும்? ஆடுவதற்கு வாகாக இருந்தது, ஆடினோம். பக்கத்து வீட்டு டீச்சர் அக்காதான் ஒருநாள், "ஏலே, அது ஆடுற பாட்டு இல்லலே. பைபிள்ல சங்கீதம் 137. ஊரை விட்டுப் போனவங்க அழுத பாட்டு" என்றார். அன்றைக்கு ஆட்டம் நிற்கவில்லை என்பது வேறு விஷயம்.

ஆறு, மலை, தீவு என்று தலைப்பில் வைத்து முதலிடம் பிடித்த ஆங்கிலப் பாட்டுகள் நிறைய உண்டு. டேனி வில்லியம்ஸின் 'மூன் ரிவர்' 1961-ல் பிரிட்டனில். டயானா ராஸின் 'எய்ன்ட் நோ மவுன்டன் ஹை எனஃப்' 1970-லும், கென்னி ரோஜர்ஸும் டாலி பார்ட்டனும் பாடிய 'ஐலண்ட்ஸ் இன் தி ஸ்ட்ரீம்' 1983-லும் அமெரிக்காவில். அவற்றில் ஆறும் மலையும் உவமைக்கு வந்து நிற்பவை. பாபிலோன் ஆறு மட்டும் நிஜ ஆறு.

கி.மு. 586-ஐ ஒட்டி, பாபிலோன் அரசன் நேபுகாத்நேச்சாரின் படை எருசலேமை இடித்துத் தள்ளியது. யூதர்களைச் சிறைப்பிடித்து இன்றைய இராக்குக்குக் கொண்டு போனார்கள். அங்கே யூப்ரடீஸ், அதிலிருந்து வெட்டிய வாய்க்கால்கள். கரையில் உட்கார்ந்து ஊரை நினைத்து அழுதவர்களிடம், பிடித்து வந்தவர்களே "உங்க ஊர்ப் பாட்டு ஒண்ணு பாடுங்க" என்று கேட்டார்களாம். அந்நிய மண்ணில் எப்படிப் பாடுவது என்று மறுகுகிறது அந்தச் சங்கீதம். முடிவில் பழிவாங்கும் வெறி வேறு. அந்தப் பகுதி பாட்டில் கிடையாது.

பாட்டாக்கியவர்கள் 1970-ல் ஜமைக்காவின் 'தி மெலடியன்ஸ்' குழுவைச் சேர்ந்த பிரெண்ட் டோவும் டிரெவர் மெக்நாட்டனும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் வாழும் தீவு. அங்கே ரஸ்தஃபாரி நெறியில் பாபிலோன் என்றால் ஒடுக்குகிற அதிகாரம். போக வேண்டிய ஊர் எத்தியோப்பியா. 1978-ல் ஜெர்மனியின் ஃபிராங்க் ஃபாரியன் ரஸ்தஃபாரி சொற்களை எடுத்துவிட்டு, டிஸ்கோ தாளம் போட்டு, போனி எம்மைப் பாட வைத்தார். பிரிட்டனில் 5 வாரம் முதலிடம். பாடிய லிஸ் மிட்செலும் மார்சியா பாரெட்டும் ஜமைக்காவில் பிறந்தவர்கள். ஊரை விட்டு வந்தவர்களே பாடியிருக்கிறார்கள். அதுதான் அந்தக் குரலில் கேட்கிறதோ என்னவோ.

சரி, இதுவரை அழுகை. இனிமேல்தான் பேங்க்காரனுக்குப் பிடித்த சமாசாரம்.

பாபிலோன் பக்கம் கிடைத்த களிமண் பலகைகளில் ஒரு தொகுதி 'அல்-யாஹுது' என்ற ஊரைப் பற்றியது. யூதாவூர் என்று வைத்துக்கொள்ளுங்கள். விட்டு வந்த ஊரின் பேரையே வந்த இடத்துக்கும் வைத்திருக்கிறார்கள். மிகப் பழைய பலகை கி.மு. 572-ஐச் சேர்ந்தது. எருசலேம் இடிந்து 15 வருஷம்கூட ஆகவில்லை. அதற்குள் யூதப் பெயர்களோடு குத்தகை, வரி, கடன், பார்லி பாக்கி!

கி.மு. 539-ல் பாரசீகத்தின் சைரஸ் பாபிலோனைப் பிடித்தார். ஊர் திரும்ப அனுமதியும் கிடைத்தது. சிலர் போனார்கள். பலர் போகவில்லை. அதற்கும் 100 வருஷம் கழித்து, நிப்பூரில் முரஷு என்ற குடும்பம் லேவாதேவி நடத்தியது. நிலம் வைத்திருப்பவர்களுக்கு வரி கட்டக் கடன் கொடுப்பது, நிலத்தை ஈடாகப் பிடிப்பது, மறுகுத்தகைக்கு விடுவது. நம்ம கிராமக் கிளை அக்ரி லோன்தான். 1893-ல் தோண்டியெடுத்த அந்தக் கணக்குகள் 700-க்கு மேல். அவற்றிலும் யூதப் பெயர்கள் இருக்கின்றன, வாய்க்கால்களின் பெயர்களோடு. எந்தத் தண்ணீரைப் பார்த்துத் தாத்தாக்கள் அழுதார்களோ, அந்தத் தண்ணீரைப் பாய்ச்சித்தான் பேரன்கள் விவசாயம் செய்திருக்கிறார்கள்.

அப்படித் தங்கியவர்களின் வழியில் வந்தவர்கள்தான் பாக்தாத் யூதர்கள். அங்கே பிறந்த டேவிட் சாசூன் 1830-களில் பம்பாய்க்கு வந்தார். காலா கோடாவில் அவர் பெயரில் இருக்கும் நூலகத்தைத் தாண்டித்தான் தினம் ஆபீஸ் போகிறேன். இராக்கில் மிச்சமிருந்தவர்களில் பெரும்பாலோர் 1950-51-ல்தான் வெளியேறினார்கள். 2,500 வருஷம். தற்காலிகமாகப் போன இடம்!

பாட்டு பொய் என்று சொல்ல வரவில்லை. அழுததும் நிஜம், பார்லி விதைத்ததும் நிஜம். ஒன்றைப் பாட்டில் வைத்தார்கள், மற்றதைப் பேரேட்டில் வைத்தார்கள். பாட்டுதான் ஹிட் ஆகும். பேரேட்டை யார் ஆடிப் பாடுவார்கள்?

நான் மும்பை வந்து 14 வருஷம். ஒவ்வொரு வருஷமும் தமிழ்நாட்டுக்கு மாறுதல் கேட்டு எழுதிக் கொடுப்பேன், வராது, புலம்புவேன். இந்த வருஷம் எழுதிக் கொடுக்கவே இல்லை. டோம்பிவ்லியில் இரண்டு பெட்ரூம் பிளாட்டுக்கு 20 வருஷக் கடனில் கையெழுத்துப் போட்டாயிற்று. பையன் மராத்தியில் கனவு காண்கிறான், தூக்கத்தில் பேசும்போது தெரிகிறது.

ஞாயிறு ராத்திரி அம்மா போனில் வழக்கம்போல, "எப்பய்யா இங்கன மாத்திட்டு வருவே?" என்றாள். "கேட்டிருக்கேம்மா, பாப்போம்" என்றேன்.

பக்கத்தில் தங்கமணி கேசட்டைத் துடைத்துக்கொண்டிருந்தாள். போட்டுக் கேட்க டூ-இன்-ஒன் இல்லை. தூக்கிப் போடவும் மனசில்லை. திரும்பவும் பரணிலேயே வைத்துவிட்டோம்.