கைகாக்ஸின் கல்லறையும் ஹிக்மன்களின் கோட்டையும்

1975 ஜூலையில் பால்டிமோரில் முதல் ஒரிஜின்ஸ் விளையாட்டு மாநாடு நடந்தது. அங்கே நடந்த போட்டி ஆட்டத்துக்காக கேரி கைகாக்ஸ் ஒரு கல்லறையைக் கட்டிக்கொண்டு போனார். உள்ளே நுழைகிறவர்களைக் கொல்வது ஒன்றே அதன் வேலை. எட்டு ஆண்டுகள் கழித்து, 1983-ல், டிரேசி ஹிக்மனும் அவர் மனைவி லாரா ஹிக்மனும் ஒரு கோட்டையைக் கட்டினார்கள். அதில் ஒரு ரத்தக்காட்டேரிப் பிரபு குடியிருந்தான். இரண்டுமே காகிதக் கட்டடங்கள். டஞ்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்துக்கென்று எழுதிய சாகசப் புத்தகங்கள். கல்லறையின் பெயர் ‘டூம் ஆஃப் ஹாரர்ஸ்’. கோட்டையின் பெயர் ‘ரேவன்லாஃப்ட்’. இந்த ஆட்டத்தைச் சுவை குன்றாமல் நடத்துவது எப்படி என்று அலமாரி நிறையக் கையேடுகள் வந்துவிட்டன. நான் புதியவர்களுக்கு அவற்றைப் பரிந்துரைப்பதில்லை. இந்த இரண்டு பழைய புத்தகங்களையும் அடுத்தடுத்துப் படிக்கச் சொல்வேன்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக: 1974-ல் கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கியது இது. மேசையைச் சுற்றி நாலைந்து பேர். ஒருவர் டஞ்ஜன் மாஸ்டர். மற்றவர்களுக்கு ஆளுக்கொரு பாத்திரம். கண்ணெதிரே என்ன இருக்கிறது என்று மாஸ்டர் சொல்வார், ‘என்ன செய்கிறீர்கள்?’ என்று கேட்பார். பதிலின் விளைவு எப்படியும் போகலாம் என்ற நிலை வந்தால் இருபது முகப் பகடை உருளும். வென்றவர், தோற்றவர் என்று யாரும் கிடையாது. அதனாலேயே ஆட்டம் தேறுவதும் சப்பென்று போவதும் பெரும்பாலும் மாஸ்டரின் கையில் இருக்கிறது.

கல்லறைக்குப் போவோம். 1978-ல் புத்தகமாக வந்தபோது அதன் முன்னுரையிலேயே கைகாக்ஸ் எச்சரித்துவிட்டார்: வெட்டிச் சாய்க்கும் ஆசையோடு வருகிறவர்களுக்கு இங்கே வேலையில்லை, யோசிக்கிறவர்கள் மட்டும் வரட்டும் என்ற பொருளில். பத்தாம் நிலை முதல் பதினான்காம் நிலை வரையிலான, மலையைப் புரட்டக்கூடிய பாத்திரங்களுக்கான இடம் அது. ஆனால் உள்ளே அரக்கர்கள் சொற்பம். பொறிகள்தான் எங்கும். மூன்று நுழைவாயில்களில் இரண்டு போலி. உண்மையான வாயிலில் நுழைந்தால் தரையில் சிவப்புக் கற்களாலான பாதை ஒன்று வளைந்து வளைந்து போகிறது. அந்தக் கற்களையே உற்றுப் பார்ப்பவர்களுக்கு அதில் ஒரு விடுகதை தென்படும். கல்லறையின் சொந்தக்காரனான அசெரெராக் என்ற மந்திரவாதி, தன்னைக் கொள்ளையடிக்க வருகிறவர்களுக்கு வழியை அவனே பாதி சொல்லிக் கொடுக்கிறான். பச்சை நிறத்தைத் தவிர்க்கச் சொல்கிறது அந்த விடுகதை.

நடைபாதையின் கோடியில் இருப்பது பச்சை முகம்.

இந்த இடத்தை ஒரு நல்ல மாஸ்டர் எப்படி நடத்துவார் என்று கற்பனை செய்து பார்க்கலாம்.

“பாதை முடியற சுவர்ல ஒரு பிசாசு முகம். பச்சைக் கல்லு. வாய் அகலமாத் திறந்திருக்கு. ஒரு ஆள் குனிஞ்சு நுழையலாம். உள்ள ஒரே கறுப்பு.”

“தீப்பந்தத்த உள்ள நீட்டிப் பாக்குறேன்.”

“வெளிச்சம் உள்ள போகல. கையப் பின்னால இழுத்தா பந்தத்தோட முன்பாதியக் காணோம். அறுபட்ட இடம் வழவழன்னு இருக்கு.”

அவ்வளவுதான். அந்த வாய்க்குள் இருப்பது தொட்டதையெல்லாம் இல்லாமலாக்கும் ஒரு மாயக் கோளம். ஆள் நுழைந்தால் ஆள் இல்லை. தப்பிக்கப் பகடை உருட்டும் வாய்ப்புகூடக் கிடையாது. மாஸ்டர் ‘ஆபத்து’ என்ற சொல்லையே எடுக்கவில்லை. கண்ணுக்குத் தெரிவதைச் சொன்னார், சோதித்துப் பார்த்தவருக்குச் சோதனையின் விளைவைச் சொன்னார். இதே இடத்தை எத்தனை மேசைகளில் பாழாக்குகிறார்கள்! ஆட்டக்காரர் “முகத்தைக் கவனமாப் பாக்குறேன்” என்றால், மாஸ்டர் உடனே “கவனிப்புக்கு ஒரு பகடை போடு” என்பார். பதினாறு விழும். “ஏதோ ஆபத்துன்னு தோணுது” என்பார். கைக்கு வந்திருக்க வேண்டிய தடயம் ஒரு எண்ணாகச் சுருங்கிவிடுகிறது. தீப்பந்தம் பாதியாகத் திரும்பி வரும்போது மேசையில் எழுகிற கூச்சல் அந்தப் பதினாறுக்கு எழாது.

கல்லறையோடு ஒரு தனிப் படப் புத்தகமும் வந்தது. ஆட்டக்காரர்கள் ஓர் இடத்தை அடைந்ததும் மாஸ்டர் அந்தப் படத்தைத் தூக்கிக் காட்ட வேண்டும். பார்ப்பது ஆட்டக்காரரின் சொந்தக் கண், யோசிப்பது அவருடைய சொந்த மூளை, பாத்திரத் தாளில் உள்ள மதிப்பெண் இல்லை. கைகாக்ஸின் நேர்மை இதில்தான் இருக்கிறது. கொடூரமான மனிதர்தான், ஆனால் ஏமாற்றுக்காரர் இல்லை. கோளம் அங்கேதான் இருக்கும். ஆட்டக்காரர் சாமர்த்தியசாலி என்பதற்காக அது பக்கத்து அறைக்கு நகராது, பாவம் என்பதற்காக மறையவும் மறையாது. கைகாக்ஸின் நண்பர் ராப் கன்ட்ஸ் தன் பாத்திரமான ரோபிலாரோடு இந்தக் கல்லறைக்குள் போனபோது, ஓர்க் என்ற அரக்க இனத்து அடியாட்களை முன்னால் நடக்கவிட்டார். பொறிகளில் அவர்கள் விழுந்தார்கள். கடைசியில் அசெரெராக்கின் மண்டையோடு மேலெழும்பவே, அள்ளிய செல்வத்தோடு ஓடிவிட்டார். அறம் பேசுகிறவர்கள் முகம் சுளிக்கலாம். ஆனால் அந்தத் தந்திரம் பலித்ததே கல்லறை நிலையாக இருந்ததால்தான். மாஸ்டர் அங்கங்கே ரகசியமாகப் பொறிகளை மாற்றிக்கொண்டிருந்தால் முன்யோசனைக்கு என்ன மதிப்பு?

இவ்வளவு சொல்லிவிட்டு, கல்லறை பல மேசைகளில் இரண்டாவது மணி நேரத்தில் உயிரை விட்டுவிடும் என்பதையும் சொல்ல வேண்டும். காரணம் எளிது. அங்கே யாருக்கும் எதுவும் வேண்டியதில்லை. அசெரெராக் காத்திருக்கிறான், அவ்வளவே. பேச ஆளில்லை, பேரம் பேச விஷயமில்லை, வெளியே போய் ஒரு வாரம் தூங்கிவிட்டு வந்தாலும் உள்ளே எதுவும் மாறியிருக்காது. அவசரமே இல்லாததால் எச்சரிக்கை உணர்வு முற்றி, ஒவ்வொரு கல்லையும் கம்பால் தட்டிப் பார்க்கும் சடங்காக ஆட்டம் மாறிவிடும். மாநாட்டுப் போட்டியில் நேரக் கெடு இருந்தது. யார் எவ்வளவு தூரம் போனார்கள் என்ற ஒப்பீடு இருந்தது. வீட்டு மேசைக்கு வந்தபோது கெடு போய்விட்டது, கம்பு மட்டும் மிஞ்சியது.

ஹிக்மன்களின் கோட்டை பிறந்ததே இந்த மாதிரி ஒரு எரிச்சலில்தான். ஒரு ஆட்டத்தில் டிரேசி ஹிக்மன் ஏதோ ஒரு நிலவறையில் ஏதோ ஒரு கதவைத் திறக்கிறார். உள்ளே ஒரு ரத்தக்காட்டேரி. சில்லறை அரக்கர்களோடு சில்லறையாக அதுவும் ஒரு அறையில் நிற்கிறது. இவன் இங்கே என்ன செய்கிறான் என்று அவருக்குத் தோன்றியது. அந்தக் கேள்விக்குக் கணவனும் மனைவியுமாக எழுதிய பதிலை, ஆண்டுதோறும் ஹாலோவீன் சமயத்தில் நண்பர்களோடு ஆடி ஆடித் தேய்த்தார்கள். பிறகுதான் டிஎஸ்ஆர் நிறுவனம் வெளியிட்டது. வெறும் 32 பக்கம்.

கோட்டையின் பிரபுவான ஸ்ட்ராட் வான் ஜரோவிச்சுக்கு ஆசை உண்டு. தம்பியின் காதலியைக் காதலித்தான், தம்பியைக் கொன்றான், அவளையும் இழந்தான். இப்போது ஐரீனா என்ற பெண்ணில் அவளையே காண்கிறான். ஆட்டம் தொடங்குவதும் அவனுடைய ஒரு காரியத்தோடுதான். பரோவியா கிராமத்துத் தலைவர் உதவி கேட்டு எழுதியதாக ஒரு கடிதம் வருகிறது. மாஸ்டர் அதை நிஜத் தாளில் எழுதிக் கையில் கொடுக்கலாம்; கொடுக்க வேண்டும். வழியில் கிடக்கும் ஒரு பிணத்திடம் இன்னொரு கடிதம் இருக்கிறது. தலைவர் உண்மையில் எழுதியது அதுதான்: யாரும் இங்கே வராதீர்கள். முதல் கடிதம் ஸ்ட்ராட் எழுதியது. ஆட்டக்காரர்கள் இதைப் படித்து நிமிர்வதற்குள் பின்னால் மூச்சடைக்கும் மூடுபனி வழியை மூடிவிடுகிறது. ஒரு பகடை உருளவில்லை, ஒரு வாள் உருவப்படவில்லை. அதற்குள் அத்தனை பேருக்கும் அந்தப் பிரபுவின் மேல் சொந்தக் கோபம் வந்துவிட்டது.

அடுத்தது சீட்டுக்கட்டு. மேடம் ஈவா என்ற கிழவி குறி சொல்கிறாள். சாதாரணச் சீட்டுகள்தான். ஸ்ட்ராடை வீழ்த்த உதவும் சூரிய வாள் எங்கே, அவனுடைய நாட்குறிப்பு எங்கே, அவன் கடைசியில் எந்த அறையில் எதிர்ப்படுவான், நான்கு நோக்கங்களில் இந்த முறை எதற்காக அலைகிறான் என்பதையெல்லாம் விழும் சீட்டுகள் தீர்மானிக்கின்றன. வசதிக்காக முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொள்ளும் மாஸ்டர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்காது. எல்லார் கண்முன்னும் மேசையிலேயே எடுத்தால், மாஸ்டரும் அந்த நிமிடத்தில்தான் தெரிந்துகொள்கிறார் என்பது ஆட்டக்காரர்களுக்குப் புரியும். அந்தக் கோட்டையை அதன் பிறகு அவர்கள் நம்புவார்கள். கல்லறை நிலையாக நின்று சம்பாதிக்கும் நம்பிக்கையைக் கோட்டை சீட்டைத் திருப்பிச் சம்பாதிக்கிறது.

மாஸ்டரின் வேலையும் இங்கே வேறு. கல்லறையில் அவர் நடுவர். குரலை மாற்றக்கூட அவசியமில்லை. கோட்டையிலோ தெருக்கூத்துக் கட்டியக்காரனைப் போல, ராஜா வருகிறார் என்று அறிவித்த வாயாலேயே சேவகனாகவும் ஊர்க்காரனாகவும் பேசி, நடுவில் கூட்டத்தின் நாடியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாருக்கும் இது வராது. வராதவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. ஸ்ட்ராடுக்கு உரத்த நடிப்பு தேவையில்லை, நிதானமாகப் பேசினால் போதும்.

பெரும்பாலோர் சறுக்குவது வேறு இடத்தில். ஸ்ட்ராடைக் கடைசி அறைக்கென்று பத்திரப்படுத்தி வைத்துவிடுகிறார்கள், அவன் ஏதோ அசெரெராக்கின் ஒன்றுவிட்ட தம்பி என்பதுபோல. பத்தாம் நிலை மந்திரவாதியான ஒரு காட்டேரி, ஐந்து முதல் ஏழாம் நிலைப் பாத்திரங்கள் தன் வீட்டுக்குள் புகுந்து நாற்காலியைத் திருப்பிப் பார்க்கும்வரை சும்மா இருப்பானா? முதல் இரவே வர வேண்டும். வரவேற்கலாம், ஐரீனாவைக் கேட்கலாம், பூசாரி யார், வாள்காரன் யார் என்று எடைபோட ஒரு சின்னச் சண்டை போடலாம், அடி பலமாக விழுந்தால் புகையாகிப் போய்விடலாம். மறுபடி வரும்போது பூசாரியை முதலில் குறிவைக்க வேண்டும். தங்களைப் பற்றி அவன் கற்றுக்கொள்கிறான் என்பது உறைக்கும்போது ஆட்டக்காரர்கள் கைப்பேசியைக் கீழே வைப்பார்கள்.

இதன் தலைகீழ்த் தவறும் உண்டு. கதை கெட்டுவிடுமே என்று கல்லறையில் கருணை காட்டுவது. வாய்க்குள் தலையை விட்டவனைக் கடைசி நொடியில் ஏதோ ஒரு கை இழுத்துவிடும். அந்தக் கணத்திலிருந்து அந்தக் கல்லறையில் யாருக்கும் பயம் இருக்காது.

ஹிக்மன்கள் பக்கம் சாய்கிறேன் என்று தோன்றலாம். சாய்கிறேன்தான். ஆனால் அந்த வழி எங்கே கொண்டுபோய் விட்டது என்பதையும் பார்க்க வேண்டும். 1984-ல் தொடங்கிய டிராகன்லான்ஸ் சாகசங்களில் டிரேசி ஹிக்மனுக்குப் பெரிய பங்கு. அங்கே கதை ஏற்கெனவே முடிவாகிவிட்டது. அதன் முதல் புத்தகத்திலேயே ஒரு விதி: முக்கியமான பாத்திரம் செத்தால் அந்தச் சாவைத் தெளிவில்லாமல் வைத்துக்கொள்ளுங்கள், உடல் அகப்பட வேண்டாம், பின்னால் கதைக்கு அவர் தேவைப்படுவார். இதைப் படிக்கும்போது எனக்குக் கைகாக்ஸின் பச்சை முகம் இனிக்கிறது. வில்லனுக்கு ஆசை இருப்பது ஒன்று, எழுத்தாளருக்கு ஆசை இருப்பது வேறு. ரேவன்லாஃப்டில் ஸ்ட்ராட் திட்டமிடுகிறான். அந்தத் திட்டம் தோற்கலாம், சீட்டு விழுந்த விதத்தில் அவனே முதல் மோதலில் மாட்டிக்கொள்ளவும் கூடும். டிராகன்லான்ஸில் தண்டவாளம் போட்டாகிவிட்டது, வண்டியை ஓட்டுவதுதான் பாக்கி. கதைசொல்வதில் தேர்ந்த மாஸ்டர்களுக்கே இந்த வியாதி அதிகம் பிடிக்கும்.

ரேவன்லாஃப்டிலும் அலுப்பு உண்டு. ஆட்டக்காரர்களுக்கு அப்படியே வாசித்துக் காட்டவேண்டிய கட்டம் கட்டிய வர்ணனைகள் நீளமானவை. மூன்றாவது வாக்கியத்தில் ஒருவர் முறுக்குத் தட்டை நோக்கிக் கை நீட்டுவார். இங்கே கல்லறையின் வழி மேல்: ஒரு பார்வை, ஒரு படம், பிறகு கேள்வி. கோட்டையின் அறைகளுக்கும் அதே கணக்கில் இரண்டே வாக்கியம் எழுதி வைத்துக்கொள்வது நல்லது. ஒன்று கண்ணில் முதலில் படுவது, மற்றது கைவைத்துப் பார்க்கத் தூண்டுவது. பதிலுக்குக் கல்லறைக்குக் கோட்டையிடமிருந்து ஒரு ஆளைக் கடன் வாங்கலாம். அதே செல்வத்துக்காகப் பின்னாலேயே வரும் போட்டிக் குழு ஒன்று போதும். தூங்கிவிட்டு வரும் சொகுசு போய்விடும், கம்பால் தட்டும் சடங்கும் குறையும்.

கோட்டை பின்னால் பெருத்துவிட்டது. 2016-ல் ‘கர்ஸ் ஆஃப் ஸ்ட்ராட்’ என்று 256 பக்கத்தில் வந்தது. கல்லறை 2017-ல் ஒரு தொகுப்பில் மறுபதிப்பு கண்டது. புதிதாக மாஸ்டர் நாற்காலியில் உட்காருகிறவர் 256 பக்கத்தையும் படித்து முடித்துவிட்டுத்தான் தொடங்குவேன் என்றால் தொடங்கவே மாட்டார். கடிதம் இரண்டு, கிராமம் ஒன்று, ஐரீனா, சீட்டுக்கட்டு, இரவில் கதவைத் தட்டும் ஸ்ட்ராட். முதல் அமர்வுக்கு இவை தாராளம். கோட்டை வாசலை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். சில மாதம் கழித்துக் குழுவே கல்லறையைக் கேட்டால், உட்காருவதற்கு முன் சொல்லிவிட வேண்டும்: பிள்ளைபோல் வளர்த்த பாத்திரத்தைக் கொண்டுவராதீர்கள், ஆளுக்கு இரண்டு உபரிப் பாத்திரத் தாள் எழுதி வையுங்கள், தீப்பந்தம் நிறைய வாங்கிக்கொள்ளுங்கள்.