ஒன்றை மற்றொன்றால் அறிதல்: பழைய முக்குளிப்புக் கடிகாரங்களை ஒப்பிடும் முறை

1. எல்லையும் கேள்வியும்

நீருக்கடியில் வேலை செய்வதற்கென்றே உருவாகிய இயந்திரக் கைக்கடிகாரங்களைத் தேடிச் சேர்க்கும் ஆர்வலர்கள் இன்று உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்கள் பெரிதும் நாடுவது 1953க்கும் 1980களின் தொடக்கத்துக்கும் இடைப்பட்டவற்றை. பிளாங்பேன் நிறுவனத்தின் ‘ஃபிஃப்டி ஃபாதம்ஸ்’ 1953இல் வந்தது. ரோலெக்ஸின் ‘சப்மரீனர்’ 1954ஆம் ஆண்டு பாசல் கண்காட்சியில் காட்சிக்கு வந்தது. அதற்கு முன்பே 1932இல் ஒமேகாவின் ‘மரைன்’ உண்டு, இத்தாலியக் கடற்படைக்குப் பனராய் அளித்தவையும் உண்டு. ஆனால் தானியங்கிப் பொறி, சுழலும் வளையம், இருளில் தெரியும் டயல் ஆகிய மூன்றும் ஓருருவாகச் சேர்ந்தது 1950களில்தான். முக்குளிப்போரின் கைக்கு மின்னணுக் கணிப்பான்கள் 1983 முதல் வரத் தொடங்கின. கடிகாரத்தை நம்பி உயிரோடு மேலே வர வேண்டிய காலம் அத்தோடு முடிவை நெருங்கியது.

இவற்றை எதை வைத்து ஒப்பிடுவது? நிறுவனப் பெயரும் ஏலத்தொகையும் எளிய அளவுகோல்கள். பெரும்பாலோர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஒரு பழைய கடிகாரத்தைத் தனியே வைத்துப் பார்த்தால் அது எதையும் மெய்ப்பிக்காது, அதன் உடன்பிறப்புகளோடு வைத்துப் பார்க்கும்போதே பேசும் என்பதே இக்கட்டுரையின் நிலைப்பாடு. உ.வே.சாமிநாதையர் ஏடுகளைத் திரட்டி ஒன்றன் பாடத்தை மற்றொன்றோடு வைத்துத் தெளிந்த முறைக்கும் இதற்கும் அடிப்படை வேறில்லை.

2. நீரைத் தடுத்த வழிகள்

பிளாங்பேனை அப்போது நடத்திய ழான்-ழாக் ஃபியெக்டர் தாமே முக்குளிப்பவர். ஒருமுறை கடலடியில் நேரம் போனது தெரியாமல் காற்று தீர்ந்துபோன அனுபவம் அவருக்கு இருந்தது. அவர் வடிவமைப்பில் சாவிக் குமிழுக்கு இரட்டை அடைப்பு இருந்தது. தவறிக் குமிழ் வெளியே இழுபட்டாலும் நீர் உள்ளே போகாது. பின்மூடியைத் திருகும்போது ரப்பர் வளையம் முறுக்கிக்கொள்ளாதபடி ஓர் உலோகத் தட்டும் இடையில் வைத்தார். பிரெஞ்சுக் கடற்படைப் போர் முக்குளிப்புப் பிரிவை உருவாக்கிய ரொபேர் மலூபியே, கிளோட் ரிஃபோ இருவரும் தேடிய கருவி இதுவாக அமைந்தது. ஐம்பது ஃபாதம் என்பது ஏறத்தாழ 91 மீட்டர்.

ரோலெக்ஸ் சென்ற வழி வேறு: குமிழையே குழாயின்மேல் திருகி இறுக்குவது. மூன்றாவது வழி, சுவிட்சர்லாந்தின் பாஸ்கூர் ஊரில் கேஸ் செய்த எர்வின் பிக்கரே நிறுவனத்தின் ‘சூப்பர் கம்ப்ரெசர்’. அதில் பின்மூடி வில்விசையின்மேல் அமர்ந்திருக்கும். ஆழம் கூடக்கூட நீரின் அழுத்தமே மூடியைத் தள்ளி ரப்பரை இன்னும் இறுக்கும். எதிரியின் பலத்தையே காவலாக மாற்றிய இந்த எண்ணம், அக்கால வடிவமைப்புகளிலேயே அழகானது என்பேன்.

நிறுவனப் பெயரை வைத்து ஒப்பிடுவதன் பிழை இங்கே வெளிப்படையாகத் தெரியும். ஜேகர்-லெகூல்ட்ரின் ‘போலாரிஸ்’, யூனிவர்சல் ஜெனீவின் ‘போல்ரூட்டர் சப்’, லாஞ்சின்ஸ், எனிகார் ஆகியவற்றின் முக்குளிப்பு மாதிரிகள் எல்லாம் இதே கைவினையாளரின் கேஸுக்குள் இருந்தன. நீர் தடுக்கும் திறனில் அவை ஒரு குடும்பம். விலையில் மட்டும் ஏணி வைத்தாலும் எட்டாத தூரம். இன்னொரு குழப்பமும் உண்டு. இரண்டு குமிழ்களும் உள்வளையமும் கொண்ட எதையும் விற்பவர்கள் ‘சூப்பர் கம்ப்ரெசர்’ என்று கூவுகிறார்கள். பின்மூடியின் உட்புறத்தில் முக்குளிப்போர் தலைக்கவசக் குறி இருக்கிறதா, வில்விசை அமைப்பு இருக்கிறதா என்று திறந்து பார்க்காமல் அந்தப் பெயரைக் கொடுக்கக் கூடாது.

3. ஹீலியம்: வெளியே விடுவதா, உள்ளே விடாதிருப்பதா

1960களில் எண்ணெய்க் கிணற்றுப் பணியாளர்கள் அழுத்தக் கூடங்களில் ஹீலியம் கலந்த காற்றைச் சுவாசித்து நாள்கணக்கில் தங்கத் தொடங்கினார்கள். நீரைத் தடுத்த ரப்பர் வளையங்களையும் தாண்டி ஹீலியத்தின் நுண்ணிய அணு உள்ளே புகுந்தது. அழுத்தம் குறையும்போது வெளியேற வழியின்றி, கடிகாரக் கண்ணாடியையே தள்ளி எறிந்தது.

இதற்கு இரண்டு விடைகள் பிறந்தன. வாயுவை வெளியே விடும் வால்வு ஒன்று. 1967இல் ரோலெக்ஸ் காப்புரிமைக்கு விண்ணப்பித்து ‘சீ-டுவெல்லர்’ கடிகாரத்தில் அதை வைத்தது, மார்சேயின் கோமெக்ஸ் முக்குளிப்பு நிறுவனம் பயன்படுத்தியது. மற்றொன்று, வாயுவை நுழையவே விடாத கேஸ். ஒமேகாவின் ‘புளோபிராஃப்’ ஒற்றை எஃகுக் கட்டியில் 600 மீட்டருக்கெனச் செய்யப்பட்டது. ஜப்பானில், ஹிரோஷிமா மாகாணத்துக் குரே நகரத் தொழில்முறை முக்குளிப்பவர் ஒருவர் 1968இல் செய்கோவுக்கு எழுதிய குறைக்கடிதம் நீண்ட ஆய்வைத் தொடக்கிவைத்தது. அதன் விளைவாக 1975இல் டைட்டானியக் கேஸும் குறுக்குவெட்டில் ‘ட’ போன்ற அடைப்பு வளையமும் கொண்ட 600 மீட்டர் கடிகாரம் வந்தது. வால்வு இருப்பதை உயர்வுக்கு அடையாளமாக எண்ணுவோர் பலர். என் கணிப்பில் செய்கோவின் விடையே முழுமையானது, ஏனெனில் அது நோயின் வேரைத் தொட்டது.

4. சுழல் வளையம்

வளையத்தின் வேலை ஒன்றுதான்: இறங்கிய நிமிடத்தைக் குறித்துவைப்பது. தொடக்கக் காலச் சப்மரீனர்களில் அது இருபுறமும் சுழலும். கைபட்டு நகர்ந்தால் கணக்குத் தப்பும் என்பதால், பிற்காலத்தில் ஒருபுறம் மட்டும் சுழல்வது வழக்கமாயிற்று. 1967இல் வந்த டாக்ஸாவின் ‘சப்’ இதில் ஒரு படி மேலே போனது. அமெரிக்கக் கடற்படை அட்டவணையை வளையத்திலேயே பொறித்து, எந்த ஆழத்தில் எத்தனை நிமிடம் இருந்தால் இடைநிறுத்தம் இன்றி மேலே வரலாம் என்று காட்டியது. 60 அடியில் 60 நிமிடம், 100 அடியில் 25 நிமிடம். அதன் ஆரஞ்சு நிற டயலைவிட இந்த வளையமே அதன் பெருமை.

5. ஒளிர்பூச்சு

ஒப்பீட்டுக்கு மிக வளமான சான்று டயலிலும் முட்களிலும் உள்ள ஒளிர்பூச்சு. அது தன் வயதைத் தானே சுமந்திருக்கிறது.

முதலில் ரேடியம். 1920களில் நியூஜெர்சியில் தூரிகை முனையை உதட்டால் கூராக்கி டயல் வரைந்த பெண்கள் அதனால் மடிந்தார்கள். அந்தத் துயரத்துக்குப் பிறகும் அது 1960களின் தொடக்கம் வரை கடிகாரங்களில் இருந்தது. அடுத்து ட்ரிட்டியம். பிறகு 1990களில் கதிரியக்கமற்ற ‘லூமிநோவா’. ரேடியத்தின் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ட்ரிட்டியத்துக்கோ 12.3 ஆண்டுகள். 1970இல் பூசிய ட்ரிட்டியத்தில் இன்று பதினாறில் ஒரு பங்குகூட மிச்சமில்லை. ஆகவே அந்த ஆண்டுக் கடிகாரம் இருளில் நெடுநேரம் பச்சையாக ஒளிர்ந்தால், யாரோ புதிதாகப் பூசியிருக்கிறார்கள். ரேடிய டயலும் இன்று ஒளிராது, ஆனால் காரணம் வேறு: கதிர்வீச்சு குறையவில்லை, அது தாக்கித் தாக்கி, பூச்சில் ஒளிரும் பொருளான சிங்க் சல்ஃபைடு தேய்ந்துவிட்டது. கெய்கர் கருவியை அருகில் பிடித்தால் இன்றும் சடசடக்கும். அத்தகைய டயலைச் சுரண்டுவதோ அதன் தூளை ஊதுவதோ கூடவே கூடாது.

ஆறுமணிக்குக் கீழே உள்ள சிறு எழுத்து அடுத்த சாட்சி. ‘ஸ்விஸ் டி<25’ என்றால் 25 மில்லிகியூரிக்குக் குறைவான ட்ரிட்டியம். ‘ஸ்விஸ்’ என்று மட்டும் இருந்தால் பழைய ரேடியக் காலமாக இருக்கலாம். ஆனால் 1990களின் இறுதியில் லூமிநோவா டயல்களிலும் ரோலெக்ஸ் அதே ஒற்றைச் சொல்லை அச்சிட்டது. பழைய கேஸில் பழுதுபார்ப்பின்போது பொருத்திய புதிய டயலை ரேடியக் காலத்தது என்று விற்கும் பொய்க்கு இந்த ஒற்றுமையே இடம் தருகிறது. எழுத்து, கதிரியக்கம், பூச்சின் நிறம் மூன்றும் ஒத்துப்போக வேண்டும். முட்களின் பூச்சும் டயலின் பூச்சும் ஒரே அளவு பழுப்பேறியிருக்கின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும். ஒன்று வெளுத்தும் மற்றொன்று தேன் நிறத்திலும் இருந்தால் அவை ஒரே நாளில் பிறந்தவை அல்ல என ஐயுறலாம்.

6. ஒரே மாதிரிக்குள் பாடபேதம்

ரோலெக்ஸ் 5513 மாதிரி 1962இல் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்கு மேல் உற்பத்தியில் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றே. அருகில் வைத்தால் முதல் சில ஆண்டுகளின் டயல் பளபளக்கும் கருப்பு, எழுத்து பொன்னிறம். அந்தப் பொன்னிறம் மேலே அச்சிட்டதன்று, கருப்புக்குக் கீழுள்ள பித்தளை தெரிவது. 1960களின் நடுவுக்குப் பின் பளபளப்பற்ற டயலும் வெள்ளை எழுத்தும் வந்தன. அவற்றிலும் முந்தியவற்றில் ஆழம் மீட்டரில் தொடங்கும், பிந்தியவற்றில் அடியில் தொடங்கும். 1980களில் மீண்டும் பளபளப்பு, மணிக்குறிகளைச் சுற்றி வெள்ளைத் தங்க விளிம்பு. இந்த வரிசையை ஆர்வலர்கள் அறிந்தது நூற்றுக்கணக்கான கடிகாரங்களின் வரிசை எண்ணையும் டயலையும் ஒன்றோடொன்று வைத்துப் பார்த்து. அதை ஆய்வு என்று அழைக்க நான் தயங்கமாட்டேன்.

செய்கோ 6105 இன்னும் நல்ல பாடம். 1979இல் வெளிவந்த ‘அபோகலிப்ஸ் நவ்’ படத்தில் மார்ட்டின் ஷீன் அணிந்தது இதுவே. முந்திய டயல்களில் ‘வாட்டர் ப்ரூஃப்’, பிந்தியவற்றில் ‘வாட்டர் ரெசிஸ்ட்’. பின்மூடியிலும் அதே மாற்றம் உண்டு. இரண்டும் முரண்பட்டால் உறுப்பு மாறியிருக்க வாய்ப்பு மிகுதி. பின்மூடி எண்ணின் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்தது மாதம். பத்தாண்டைத் தாண்டி உற்பத்தியான 6309 போன்ற மாதிரியில் 7 என்பது 1977ஆகவும் இருக்கலாம், 1987ஆகவும் இருக்கலாம். மற்ற சான்றுகள் இல்லாமல் எண் மட்டும் தீர்ப்புச் சொல்லாது.

7. மாற்றிய உறுப்பு குறையா?

சேகரிப்போரிடையே ‘தொடப்படாதது’ என்ற சொல்லுக்கு அளவுகடந்த மதிப்பு. எனக்கு இதில் உடன்பாடில்லை. இவை வேலைக் கருவிகள். கடற்படைப் பட்டறைகள் அவற்றைத் திறந்தன, ரேடிய டயலை அகற்றி ட்ரிட்டிய டயல் பொருத்தின, உடைந்த வளையத்தை மாற்றின. அந்த மாற்றமும் அக்கடிகாரத்தின் வாழ்வில் ஒரு பகுதி. அதை நீக்கிவிட்டு ‘காலத்துக்கு ஏற்ற’ உறுப்பைத் தேடிப் பொருத்துபவர் ஓர் உண்மையை அழித்து இல்லாத ஒன்றை உண்டாக்குகிறார்.

ஏமாற்று வேறு. முக்குளிப்புக் கடிகாரம் அல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும்: 2021 நவம்பரில் ஜெனீவாவில் 31 லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம்போன ஒமேகா ‘ஸ்பீட்மாஸ்டர்’ ஒன்று, பல கடிகாரங்களின் உறுப்புகளைக் கூட்டிச் சேர்த்தது என்று 2023இல் அந்நிறுவனமே அறிவித்தது. அதன் பழுப்பேறிய டயல் கண்ணைக் கவர்ந்தது, ஒப்பீடு பின்தங்கியது.

பாலிஷ் பற்றியும் ஒரு சொல். கேஸின் கூர்விளிம்பு பாலிஷில் ஒருமுறை தேய்ந்தால் திரும்பாது. டயலை மாற்றலாம், முள்ளை மாற்றலாம். உலோகத்தை மீண்டும் சேர்க்க முடியாது. எனவே நான் முதலில் பார்ப்பது கேஸையே.

8. இந்தியச் சந்தையில்

இந்தியாவில் நெடுங்காலம் விற்ற சுவிஸ் பெயர் ஃபாவ்ர்-லியூபா. ஓசூரில் ஆலை கொண்ட டைட்டன் நிறுவனம் 2011இல் அதை வாங்கியது. நம் வீடுகளில் கிடைக்கும் அதன் ‘சீ கிங்’, ‘சீ சீஃப்’ கடிகாரங்கள் பெயரில் கடலைத் தாங்கினாலும் முக்குளிப்புக்கு உரியவை அல்ல. உண்மையான கடற்கருவி அதே நிறுவனம் 1960களின் பிற்பகுதியில் செய்த ‘பேத்தி’: பின்பக்கத் துளைகள் வழியே நீர் ஒரு சவ்வை அழுத்த, ஒரு முள் நகர்ந்து ஆழத்தைக் காட்டும். நீர் நேராகத் தொடும் அந்தச் சவ்வையே வாங்குபவர் முதலில் ஆராய வேண்டும்.

மும்பையில் மறுபூச்சுப் பெற்ற டயல்கள் இன்று இணையச் சந்தையில் ஏராளம். நிமிடக் கோடுகள் மணிக்குறிகளுக்கு நேராக நிற்காமை, தடித்த அச்சு, அந்த மாதிரிக்கு என்றுமே இல்லாத பளீர் நிறம் ஆகியவை காட்டிக்கொடுக்கும். பழைய டயல் மங்கிப் புள்ளி விழுந்திருந்தாலும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். பழுதுபார்க்கக் கொடுக்கும் முன் டயலையும், திறந்தபின் பின்மூடியின் உட்புறத்தையும் படம் எடுத்து வையுங்கள். பழுதுபார்த்தவர்கள் ஊசியால் கீறிவைத்த தேதிகளும் குறிகளும் அங்கே இருக்கும். எப்போது, எத்தனை முறை அந்தக் கடிகாரம் திறக்கப்பட்டது என்பதற்கு அவற்றைவிட நேரடியான சான்று பெரும்பாலும் கிடைப்பதில்லை.