லைப்சிக்கிலும் கரிசல் காட்டிலும் ஒரே இராகம்



கடந்த பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனை நீண்டுகொண்டே போயிற்று. வெயிலோ, நீங்கள் அறிந்த அருப்புக்கோட்டை வெயில். நேரத்தைக் குறைக்க எண்ணி, முள்முடி சூட்டப்பட்ட ஆண்டவரின் சிரசை நோக்கிப் பாடும் அந்த நீண்ட பாமாலையை நான் விட்டுவிட்டேன். ஆராதனை முடிந்து வாசலில் நின்றபோது, திருச்சுழிப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து இரண்டு பேருந்து மாறி வந்திருந்த முதிய தாயார் ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஐயா, அந்தப் பாட்டப் பாடாமலே முடிச்சுட்டீகளே" என்றார். அவருக்கு எழுத்து தெரியாது. ஆனால் அந்தப் பாமாலையின் எல்லாச் சரணங்களும் அவருக்கு மனப்பாடம். நான் சொன்ன சமாதானம் எனக்கே பிடிக்கவில்லை. அன்று விட்டுவிட்டது எத்தகைய பாடல் என்பதை உங்களுக்கு எடுத்துச் சொல்வது என் கடன் என்று எண்ணி இதை எழுதுகிறேன்.

அதன் இராகம் தேவாலயத்தில் பிறந்ததன்று. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்னும் ஜெர்மானியர் 1601இல் வெளியிட்ட ஒரு காதற்பாட்டின் இராகம் அது. (புதிய மெட்டுகளை உலகத்துக்குரியவை என்று கடிந்துகொள்ளும் பெரியவர்கள் இதைச் சற்று மனதில் கொள்வார்களாக.) அந்த இராகத்தில் நாம் அறிந்த பாடலை இயற்றியவர் பவுல் கெர்ஹார்ட் என்னும் லுத்தரன் போதகர். முப்பதாண்டுப் போரின் அழிவைக் கண்டவர். தம் பிள்ளைகளில் பெரும்பாலோரைச் சிறுவயதிலேயே அடக்கம் செய்தவர். பழைய இலத்தீன் கவிதை ஒன்றைத் தழுவி அவர் எழுதிய அப்பாடல் 1656இல் அச்சாயிற்று.

இத்தகைய சபைப் பாடலை ஜெர்மானியர் கோரால் என்பர். லுத்தர் காலந்தொட்டு வளர்ந்த வடிவம் இது. இராகம் எளியது, நடை நிதானமானது, ஏறத்தாழ ஓர் அசைக்கு ஒரு சுரம். பெரும்பாலும் முதலில் வரும் இரண்டு வரிகளின் இராகம் அடுத்த இரண்டு வரிகளுக்கும் அப்படியே திரும்ப வரும். பின்பே புதிய இராகம் தொடங்கும். பயிற்சியில்லாதவரும் இரண்டாம் முறையில் சேர்ந்துகொள்ளலாம். அதற்காகவே அமைந்த வடிவம் போலும்.

இனி 1705ஆம் ஆண்டுக்கு வாருங்கள். அவ்வாண்டின் பின்பகுதியில் இரண்டு பயணங்கள் தொடங்கின. அர்ன்ஸ்டாட் என்னும் சிற்றூரில் ஆலய ஆர்கன் வாசித்துவந்த யோகான் செபாஸ்டியன் பாக் என்னும் இருபது வயது இளைஞர், புகழ்பெற்ற பக்ஸ்டெஹூடவின் இசையைக் கேட்பதற்காகச் சுமார் 400 கிலோமீட்டர் நடந்து லூபெக் நகருக்குப் போனார். நான்கு வார விடுப்பில் சென்றவர் ஏறத்தாழ நான்கு மாதம் கழித்தே திரும்பினார். சபை அதிகாரிகள் அவரை அழைத்துக் கண்டித்தார்கள். தாமதம் மட்டுமன்று, பாமாலைக்கு வாசிக்கும்போது விநோதமான சுரங்களைக் கலந்து சபையைக் குழப்புகிறார் என்பதும் குற்றச்சாட்டு. அந்த மாதிரியான முறையீடு என் மேசைக்கும் வந்ததுண்டு.

மற்றப் பயணம், அதே நவம்பர் இறுதியில் கோப்பன்ஹேகனிலிருந்து கப்பலேறிய சீகன்பால்குவும் புளுச்சாவும் மேற்கொண்டது. அவர்கள் 1706 ஜூலை 9ஆம் நாள் தரங்கம்பாடிக்கு வந்து சேர்ந்தார்கள்.

பாக் 1723இல் லைப்சிக் நகரில் புனித தோமா ஆலயத்தின் இசைப் பொறுப்பை ஏற்றார். அங்கே முதற்சில ஆண்டுகளில் ஞாயிறுதோறும் ஏறக்குறைய ஒரு புதிய கன்டாட்டா இயற்றினார். கன்டாட்டா என்பதைப் பாடப்படும் பிரசங்கம் என்று சொல்லலாம். அன்றைய சுவிசேஷ வாசகத்தைக் குழுப்பாடலாகவும் தனிப்பாடலாகவும் வசன நடைப் பாட்டாகவும் விரித்து, பெரும்பாலும் ஓர் எளிய கோராலில் வந்து முடிப்பார். இருநூறு அளவில் இன்றும் கிடைக்கின்றன. அருப்புக்கோட்டைத் தறியைப் பார்த்தவர்களுக்கு இவ்விசையை விளக்குவது எளிது. சபையறிந்த பாமாலை பாவு நூலாக நீளவாக்கில் மெல்ல ஓடும். மற்றக் குரல்களும் கருவிகளும் ஊடையாக அதன் குறுக்கே விரைந்து போய்வரும். ஃபியூக் என்பது வேறு. ஒரு குரல் தொடங்கிய இசைத்தொடரை இரண்டாம் குரல் சற்றுப் பின்னே பற்றிக்கொள்ளும், பிறகு மூன்றாவது, பிறகு நான்காவது. எதுவும் மற்றொன்றுக்காக நின்று கொடுப்பதில்லை.

1727ஆம் ஆண்டுப் பெரிய வெள்ளியன்று லைப்சிக்கில் ஒலித்ததாகக் கருதப்படும் 'மத்தேயு பாடுகள்' என்னும் பேரிசையில், அந்தத் தாயார் கேட்ட அதே இராகம் ஐந்து முறை வருகிறது. அதைத் தாங்கும் துணைச் சுரங்களைப் பாக் இடையிடையே மாற்றுகிறார். ஐந்தாம் முறை, ஆண்டவர் ஜீவனை விட்டார் என்ற வசனத்தை அடுத்து, நம் மரணவேளைக்கான ஜெபமாக அது எழும்புகிறது. 1734இல் அவர் அமைத்த கிறிஸ்துமஸ் இசைப்படைப்பிலும் முதல் கோராலுக்கு இதே இராகத்தைத்தான் வைத்தார். மாட்டுக்கொட்டிலின் பாட்டிலே சிலுவையின் இராகம்! நான் இதைப் படித்த அன்று வேறெதையும் படிக்க முடியவில்லை.

ஆயினும் பாக்கின் இசை தரங்கம்பாடிக்கு வரவில்லை. நம் மிஷனெரிகளுக்குத் தாய்வீடு ஹாலே நகரின் பக்தி இயக்கம். 'மேசியா'வை இயற்றி அல்லேலூயாக் கோரஸை நமக்குத் தந்த ஹேண்டல் பிறந்ததும் அதே ஊரில்தான். அவர் 1703இல் அவ்வூரை விட்டுப் போய்விட்டார். பக்தி இயக்கத்தார் ஆராதனையில் அலங்கார இசையை ஐயத்தோடு நோக்கியவர்கள். சாமானியர் மனமுருகிப் பாடும் பாட்டே அவர்களுக்குப் போதுமானதாக இருந்தது. ஆகவே லைப்சிக்கில் எழும்பிய மாளிகை நமக்கு வரவில்லை; அது எந்தக் கற்களால் கட்டப்பட்டதோ அந்தக் கற்கள் வந்தன. தரங்கம்பாடி அச்சகத்தில் 1715இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அக்காலத்திலேயே ஞானப்பாட்டுகளும் அச்சேறின. 1740இல் வந்த பப்ரிசியுஸ் ஐயர் பின்னர்ச் சென்னையில் இருந்துகொண்டு நூற்றுக்கணக்கான ஜெர்மன் பாடல்களைத் தமிழாக்கினார். பிறர் நம்பி ஒப்படைத்த பணத்தைக் கடனாகக் கொடுத்து, அது திரும்பாமல் முதிய வயதில் சிறையிலும் இருந்த மனிதர் அவர். அவருடைய பாடல்கள் மட்டும் வெளியே நடமாடின.

அந்தத் தமிழ் எளிதில் அமைந்ததன்று. ஏழு அசை, ஆறு அசை என்று எண்ணி வைத்த அந்நிய அச்சில் தமிழ்ச் சொற்களை வார்க்கும்போது குறில் நீள்கிறது, நெடில் குறுகுகிறது, சொல் நடுவில் உடைகிறது. இளைஞர்கள் பாமாலையைக் கேட்டு முகம் சுளிப்பதில் நியாயம் இல்லாமலில்லை. இதற்குத் தமிழ் மண் தந்த விடை கீர்த்தனை. பாக் மறைந்த அதே 1750இல் வந்திறங்கிய சுவார்ட்ஸ் ஐயர் தஞ்சையில் வளர்த்தெடுத்த மாணவரே வேதநாயக சாஸ்திரியார். பல்லவி, அனுபல்லவி, சரணம் என்று அவர் பாடியவற்றைச் சில மிஷனெரிகள் ஆராதனைக்கு ஆகாதென விலக்கியபோது அவர் எதிர்த்து வழக்காடினார். முதுமையில் அவரைக் கண்டு அப்பாடல்களைக் கேட்டு, 1853இல் பொது ஆராதனைக்கென ஒரு கீர்த்தனைப் புத்தகம் வெளியிட்டவர் எட்வர்டு வெப். அவர் நம் அமெரிக்க மதுரை மிஷனைச் சேர்ந்தவர். மண்டபசாலையில் ஊழியம் செய்த அதே மிஷன்.

அப்படித்தான் கண்மாய் வற்றிய இந்தச் சீமைக்கு இரண்டும் வந்து சேர்ந்தன. கொலோசெயர் 3:16இல் நம் தமிழ் வேதம் சங்கீதம், கீர்த்தனை, ஞானப்பாட்டு என மூன்றையும் அருகருகே வைத்திருப்பதை வாசிக்கும்போதெல்லாம், நம் ஆலயத்து அலமாரியில் அருகருகே கிடக்கும் பழைய புத்தகங்களே நினைவுக்கு வருகின்றன.

வரும் ஞாயிறு பெரிய வெள்ளியன்று. இருந்தாலும் அந்தப் பாமாலையைப் பாடுகிறோம், எல்லாச் சரணங்களையும். கீபோர்டு வேண்டாமென்று பாடகர் குழுவிடம் சொல்லிவிட்டேன். முதல் அடியை அந்தத் தாயாரே எடுத்துக் கொடுப்பதாக ஒத்துக்கொண்டிருக்கிறார். அவர் வரும் பேருந்து சில நாள் பிந்தும். அன்று பிந்தினால் காத்திருப்போம்.